நாற்பத்து மூன்றாவது ஃபாரம்

"மேடம், இப்ப நான் தொட்டிக்குள்ள இருக்கேன். அப்புறமா பேசலாமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போன் வைக்கப்பட்டது.

ரோண்டா கிம்ப்ரோ கையிலிருந்த ரிசீவரை முறைத்துப் பார்த்தாள். இந்த வாரத்தில் இது நான்காவது தடவை. கார்லண்ட் ஸ்டக்கி, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். அப்படிப்பட்டவர் தொட்டிக்குள் இருப்பதாகச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அவர் பேசும்போது பின்னால் காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. எந்தத் தொட்டிக்குள் காபி கொதிக்கும்?

"பொய் சொல்றார்" என்றாள் ரோண்டா.

பள்ளி அலுவலகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த அர்லீன் நகத்துக்குச் சாயம் பூசுவதை நிறுத்தவில்லை. "யார்தான் சொல்லலை? ஆனா இவரு ஏதோ பெருசா மறைக்கிறாரு. நான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

"நேத்துதானே முதல் தடவையாச் சொன்னே?"

"மனசுக்குள்ள ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கப் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. கல்லூரிக்கு அரசு உதவித்தொகை கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், "எங்களுக்கு வேண்டாம்" என்று பெற்றவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லை என்றால் பள்ளி முடிக்கும் விழாவில் தொப்பி, அங்கி, மேடை எதுவும் கிடையாது. டோல்சன் ஊர்ப் பள்ளியில் இந்த வருடம் கடைசி வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். மாணவர் ஆலோசகரான ரோண்டா நாற்பத்திரண்டு பேருக்கு ஃபாரத்தை முடித்துவிட்டாள். ஓர் அப்பாவிடம் சிறைச்சாலைப் பார்வையாளர் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விவரம் வாங்கினாள். ஓர் அம்மாவிடம் பிரசவ வார்டில், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கையெழுத்து வாங்கினாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். டார்பி ஸ்டக்கி, தந்தை பெயர் கார்லண்ட் ஸ்டக்கி. தாய் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

தலைமை ஆசிரியர் பெவில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு காலத்தில் கால்பந்து அணியைப் பழக்கியவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் கோச்தான். அவர் தோளில் சுருட்டிய ஜமுக்காளம்போல ஏதோ ஒன்று இருந்தது.

"பேனர் வந்தாச்சு!" என்று அதை விரித்தார். 'டோல்சன் உயர்நிலைப் பள்ளி: நூற்றுக்கு நூறு!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"கோச், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நாப்பத்திரண்டுதான் முடிஞ்சிருக்கு."

"நாப்பத்து மூணுக்கு நாப்பத்திரண்டுன்னு எந்த ஊர்ல பேனர் அடிப்பாங்க ரோண்டா? இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அது முடியுற வெள்ளிக்கிழமை, மூணு மணிக்குப் பள்ளி முடிக்கிறவங்க லிஸ்ட் போயாகணும். அந்த ஆளைப் பிடி."

ரோண்டா டார்பியை வரச் சொன்னாள். நெற்றியில் முடி விழ, வாயில் எதையோ மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தாள் அந்தப் பெண்.

"ஹார்வில் கல்லூரியில பல் சுத்தம் பண்ற படிப்புக்கு உனக்கு இடம் கிடைச்சாச்சு. இல்லையா?"

"ஆமா மேடம். அப்பா ஒரு பக்கம் சுத்தம் பண்றாரு. நான் இன்னொரு பக்கம் பண்ணப் போறேன். குடும்பத் தொழில்தான்."

ரோண்டா சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாள். "உதவித்தொகை இல்லாம அங்க சேர முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் ஏன் உங்கப்பா இந்த ஃபாரத்தைத் தொடவே மாட்டேங்கிறாரு?"

டார்பி மெல்லுவதை நிறுத்தினாள். "தெரியலை மேடம். என் பகுதியை நான் எப்பவோ முடிச்சிட்டேன். அவர் பகுதியைத் திறந்தாலே எழுந்து போயிடுறாரு. ஒரு தடவை கேள்வியெல்லாம் வரிசையாப் படிச்சுப் பார்த்தாரு. பாதியில கம்ப்யூட்டரை மூடிட்டு, நாய்க்குச் சோறு போடணும்னு வெளிய போனாரு."

"சரி, போட்டுட்டு வந்தப்புறம்?"

"எங்ககிட்ட நாயே இல்லை மேடம்."

அன்று சாயங்காலமே ரோண்டா 'வேண்டாம்' தாளை எடுத்துக்கொண்டு ஸ்டக்கி வீட்டுக்குப் போனாள். வலைக்கதவு வழியே சமையலறை தெரிந்தது. ஸ்டக்கி மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், தோட்டத்து வேலிக்கம்பம் மாதிரிக் கழுத்து. கதவைத் தட்டியதும் துள்ளி எழுந்து, மேசையில் கிடந்த காகிதங்களை இரண்டு கையாலும் வாரி, அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தார்.

"வாங்க மேடம். என்ன விஷயம்?"

"அடுப்புல என்ன மிஸ்டர் ஸ்டக்கி?"

"ரொட்டி."

"காகிதம் மாதிரி இருந்துச்சு."

"மெல்லிசு ரொட்டி."

ரோண்டா அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "ஃபாரம் நிரப்ப இஷ்டமில்லைன்னா பரவாயில்லை. இதுல ஒரே ஒரு கையெழுத்து. எங்களுக்கு வேண்டாம்னு. டார்பி மேடை ஏறிடுவா."

ஸ்டக்கி அந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "வேண்டாம்னு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? வேணும். கட்டாயம் வேணும். என் பொண்ணு படிக்கணும்."

"அப்படின்னா ஃபாரத்தை நிரப்புவோம். கம்ப்யூட்டரை வண்டியில வச்சிருக்கேன். அரை மணி நேர வேலை."

"நிரப்பலாம். ஆனா இப்ப இல்லை."

"எப்போ?"

"பார்க்கலாம்."

வேண்டாம் என்கிறவர்களை ரோண்டா எத்தனையோ பார்த்திருக்கிறாள். வேண்டும் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறாள். வேண்டும், ஆனால் இப்போது இல்லை என்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை. அரசாங்கம் கேட்பதோ வருமானம், வரி, வீட்டில் எத்தனை பேர், இப்படி நாலு விஷயம். அதில் எது இவரை உறுத்துகிறது?

"வேற யாரோ வீட்டுல இருக்காங்க" என்றாள் அர்லீன் மறுநாள். "ஓக்லஹோமாவுல ரெண்டாவது குடும்பம் இருக்கும். அந்தக் குழந்தைகளையும் ஃபாரத்துல காட்டணும்ல?"

"இல்லை. பணந்தான். தொட்டி கழுவுறதுக்கு எல்லாரும் ரொக்கமாத்தான் கொடுக்கிறாங்க. வரி கட்டாம மறைச்சிருப்பாரு. அடுப்புல போட்டது கணக்குப் புஸ்தகம்."

"அடுப்புல வைக்கிறாருன்னா யோசிச்சுப் பாரு, குளிர்பெட்டியில என்ன வச்சிருப்பாரோ!"

ஆளைப் பள்ளிக்கு வரவைக்க முடியவில்லை. அவர் வீட்டிலும் முடியவில்லை. தன் வீட்டுக்கே வரவைத்தால் என்ன என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலை ஸ்டக்கிக்குப் போன் போட்டு, அவசரம், தொட்டி நிரம்பிவிட்டது என்றாள். இருபது நிமிடத்தில் பச்சை நிற டாங்கர் டிரக் வாசலில் வந்து நின்றது.

"நம்ம தொட்டியைப் போன வருஷந்தானே சுத்தம் பண்ணினோம்?" என்று கேட்டான் அவள் கணவன் டுவெய்ன்.

"வாடை வருது."

"எனக்கு வரலையே."

"உனக்கு எதுதான் வந்திருக்கு?"

தொட்டியின் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்று ரோண்டாவுக்குத் தெரியாது. டுவெய்னுக்குத் தெரியும், ஆனால் அவனிடம் கேட்டால் மேலும் கேள்வி வரும். அதனால் உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டினாள். ஸ்டக்கி தோண்டினார். அங்கே இல்லை. இன்னோர் இடத்தைக் காட்டினாள். அங்கேயும் இல்லை. டுவெய்ன் எட்டு வருடமாகச் சீப்பு போட்டு வாராத குறையாக வளர்த்த புல்தரையில் மூன்று பள்ளம் விழுந்த பிறகு, நான்காவதில் மூடி கிடைத்தது. ஸ்டக்கி அதைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ரோண்டாவைப் பார்த்தார்.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்லை."

"நல்லாப் பாருங்க."

"முப்பது வருஷமா இதைத்தான் பார்க்கிறேன்."

ரோண்டா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கம்ப்யூட்டரை முன்னால் கொண்டுவந்தாள். "சரி, வந்ததுதான் வந்துட்டீங்க. உங்க பகுதியை மட்டும்..."

ஸ்டக்கி இரண்டு கையுறைகளையும் விரித்துக் காட்டினார். "கை அழுக்கா இருக்கு மேடம்."

"கழுவத் தண்ணி இருக்கு."

"அடுத்த வீட்டுல காத்திருக்காங்க மேடம்."

டிரக் கிளம்பிப் போய்விட்டது. போகிற வேகத்தில் பள்ளங்களை மூடவும் மறந்துவிட்டது. டுவெய்ன் பள்ளங்களின் நடுவே நின்று, இடுப்பில் கை வைத்து மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஆளை எதுக்கு வரச் சொன்னே ரோண்டா?"

"பள்ளிக்கூட விஷயம்."

"பள்ளிக்கூடம் நம்ம தொட்டியிலயா இருக்கு?"

திங்கட்கிழமை டார்பியிடமிருந்து இன்னொரு விவரம் கிடைத்தது. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹார்வில் பக்கம் போகிறாராம். கேட்டால் 'வேலை' என்கிறாராம். குளித்துவிட்டு எந்தத் தொட்டிக்குள் இறங்குவார்?

"பார்த்தியா! ரெண்டாவது குடும்பம்!" என்று மேசையைத் தட்டினாள் அர்லீன்.

செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு ரோண்டா நெடுஞ்சாலையில் ஒரு கழிவுநீர் டிரக்கைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாள். அது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூடப் பின்தொடரலாம். இருபத்தைந்து மைல் ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டினாள். ஹார்வில்லில் ஒரு நீளமான கட்டடத்தின் பின்புறம் டிரக் நின்றது. ஸ்டக்கி இறங்கினார். சட்டைக்குள் எதையோ செருகியிருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பெயர்ப்பலகை இல்லாத பின்கதவைத் திறந்து உள்ளே போனார்.

ரோண்டா காரை முன்பக்கம் கொண்டுபோனாள். கட்டடத்தில் வரிசையாகச் சவுரிமுடிக் கடை ஒன்று, ஜாமீன் எடுத்துக் கொடுக்கிற அலுவலகம் ஒன்று, மூடிக்கிடந்த இரண்டு கதவு, கடைசியில் விளக்குச் சரம் மின்னுகிற பிங்கோ சூதாட்ட மண்டபம்.

சூதாட்டம்! எல்லாம் பொருந்தி வந்தது. ரொக்கப் பணம், அடுப்பில் ஒளித்த காகிதம், 'இப்ப இல்லை' என்கிற பேச்சு. ஜெயிக்கிற வரைக்கும் காத்திருக்கிறார் மனிதர்!

ஸ்டீயரிங்கில் மோவாயை வைத்து, பிங்கோ மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெளியே வந்தது ஸ்டக்கி அல்ல. டோல்சன் தேவாலயத்துப் பெண்கள் ஜெபக்குழுவின் நான்கு பேர், கைப்பையை மார்போடு அணைத்தபடி வந்தார்கள். முன்னால் வந்த வில்லடீன், காருக்குள் ரோண்டாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சூதாட்டம் பாவம் என்று போன ஞாயிறுதான் அவள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

"ரோண்டா! நீ இங்க என்ன பண்றே?"

"சும்மா. நீங்க?"

"நாங்களும் சும்மாதான். உள்ள இருக்கிறவங்களுக்காக ஜெபம் பண்ண வந்தோம்."

"உள்ள போயா?"

"பக்கத்துல இருந்து பண்ணினா பலன் அதிகம்."

வில்லடீனின் கண் மெதுவாக நகர்ந்து, கட்டட மூலையில் நீட்டிக்கொண்டிருந்த பச்சை டிரக்கின் வால்பக்கத்தைப் பிடித்தது. மறுபடி ரோண்டாவிடம் வந்தது. "ஓகோ" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

புதன்கிழமை மதியத்துக்குள் டோல்சனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: ரோண்டா கிம்ப்ரோ பக்கத்து ஊரில் ஸ்டக்கியின் டிரக்குக்காகக் காரில் காத்துக் கிடந்தாள். முடிவெட்டுகிற கடையில் டுவெய்ன் காதிலும் அது விழுந்தது. பாதித் தலை வெட்டிய நிலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"முதல்ல அவன் வீட்டுக்குப் போனே. அப்புறம் அவனை இங்க வரவச்சு என் புல்லையெல்லாம் தோண்டினே. இப்ப ஹார்வில்!"

"யார் சொன்னது உனக்கு?"

"யாரோ பார்த்திருக்காங்க."

"அவங்க அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு கேட்டியா?"

"அதைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஜெபமாம்."

"டுவெய்ன், அந்த மனுஷன்கிட்ட எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"கையெழுத்தா? கல்யாணப் பதிவு ஆபீஸுலயா?"

இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் அவன் இப்படிப் பொறாமைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. கோபத்துக்கு நடுவிலும் அது அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. அந்த ஒரு நொடி அசந்ததுதான் தப்பு. டுவெய்ன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவன், குழம்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு? சண்டை போட்டியா?"

"போடத்தான் போனேன். 'என் பொண்டாட்டி உன் பின்னாடி ஹார்வில் வரைக்கும் வந்திருக்கா, அங்க என்ன நடக்குது'ன்னு கேட்டேன். ஆளோட முகம் அப்படியே வெளுத்துப் போச்சு ரோண்டா. என்னை அடிப்பாருன்னு நினைச்சேன். அடிக்கலை. மெதுவா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'அவங்களுக்கு எவ்வளவு தெரியும்?'னு."

கணவன் மனைவிக்குள் இருந்த சந்தேகம் அந்த நிமிடமே தீர்ந்து, ஸ்டக்கியின் மேல் இருந்த சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

"யாரையாவது கொன்னு புதைச்சிருப்பாரோ?" என்றான் டுவெய்ன். "நம்ம ஊருல எங்க எல்லாம் தொட்டி இருக்குன்னு அவருக்கு மட்டுந்தானே தெரியும்?"

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையில் டார்பி ரோண்டாவின் அறைக்குள் வந்தாள். இந்தத் தடவை எதையும் மெல்லவில்லை.

"எங்கப்பாவைப் பின்தொடர்ந்து போனீங்களாமே மேடம்?"

"டார்பி, நான்..."

"நேத்து வியாழக்கிழமை. குளிச்சாரு, சட்டை போட்டாரு, டிரக்குல ஏறி உக்காந்தாரு. கிளப்பவே இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்துட்டு இறங்கி வந்து படுத்துட்டாரு. சாப்பிடலை. இனிமே அந்த ஃபாரத்தைப் பத்திப் பேச்சே எடுக்காதேன்னு சொல்லிட்டாரு." நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "இதுக்கு முன்னாடி 'பார்க்கலாம்'னாவது சொல்லிக்கிட்டிருந்தாரு. அதையும் கெடுத்துட்டீங்க."

"உனக்காகத்தான் பண்ணினேன்."

"தெரியும். அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னி விடுறதுக்கு அவரு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவரு மேடம். அவரு தப்பானவரு இல்லை. என்ன மறைக்கிறாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா தப்பானவரு இல்லை."

அவள் போன பிறகு ரோண்டா நாற்பத்திரண்டு விண்ணப்பம் அடங்கிய கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அந்தக் கட்டில் அவளுக்குப் பெருமை தோன்றவில்லை.

மதியம் ஸ்டக்கியைத் தேடிப் போனாள். ஊர் எல்லையில் ஒரு பீச் பழத்தோட்டத்து வீட்டில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சுருட்டுவதை நிறுத்தினார். ஓடவில்லை.

"கம்ப்யூட்டர் கொண்டு வரலை" என்றாள் ரோண்டா, இரண்டு கைகளையும் காட்டி. "மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க பின்னாடி வந்தது தப்பு. நீங்க எங்க போறீங்க, என்ன பண்றீங்க, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

"நிஜமாவே தெரியாதா?"

"பிங்கோன்னு நினைச்சேன்."

ஸ்டக்கி அவளை நம்பலாமா என்று ஏற இறங்கப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் தோள் இரண்டும் ஓர் அங்குலம் கீழே இறங்கின.

"வர்ற வெள்ளிக்கிழமை வர்றேன் மேடம்."

"வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மூணு மணிக்கு லிஸ்ட் போயிடும். காலேஜ் கொடுத்த கெடுவும் அன்னிக்குத்தான். திங்கட்கிழமையே வந்துட்டா..."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி என்னால முடியாது."

"ஏன்னு..." என்று ஆரம்பித்து, ரோண்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி. கேக்கலை."

கேட்கவில்லையே தவிர, அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை என்ன நடக்கப்போகிறது? நீதிமன்றத்தில் தீர்ப்பா? ஜாமீன் முடிகிறதா? ஓக்லஹோமாக் குடும்பம் வந்து இறங்குகிறதா? "தப்பி ஓடுறதுக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்காரு, நீயும் கொடுத்துட்டே" என்றாள் அர்லீன். செவ்வாய்க்கிழமை ராத்திரி டுவெய்ன், தான் ஆறேகாலுக்குப் பால் வாங்கப் போன இடத்தில் பச்சை டிரக் ஹார்வில் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னான். பால் கடை அந்தத் திசையிலேயே இல்லை. ரோண்டா அதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு கோச் பெவில் 'வேண்டாம்' தாளோடு வந்தார்.

"இதுல ஆலோசகரே கையெழுத்துப் போடலாம்னு சட்டத்துல இடம் இருக்கு ரோண்டா. போட்டுடு. பொண்ணு மேடை ஏறட்டும். நம்ம பேனரும் ஏறட்டும்."

"போட்டுட்டா நமக்கு வேலை முடிஞ்சிடும் கோச். உதவித்தொகை கேட்டதா ஆகாது. காலேஜ்ல இடம் போயிடும். அவ ஏதாவது தீவனக் கடையில மூட்டை எண்ணிக்கிட்டு நிப்பா."

"அந்த ஆளு வரலைன்னா?"

"வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அடுப்புக்குள்ள காகிதத்தை ஒளிச்ச ஆளு!"

ரோண்டா பேனாவைக் கையில் எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவை வைத்தாள். ஒன்றரை ஆயிற்று. டார்பி வந்து மூலையில் உட்கார்ந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. இரண்டு ஆயிற்று. ரோண்டா மறுபடி பேனாவை எடுத்தாள். டார்பி அந்தப் பேனாவையே பார்த்தாள். ரோண்டா அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியை அர்லீனிடம் எறிந்தாள்.

இரண்டு இருபதுக்குப் பள்ளிப் பேருந்துகள் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை டிரக் வந்து அலறி நின்றது. இறங்கி ஓடிவந்த ஸ்டக்கி சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். சோப்பு வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

"திறங்க மேடம்" என்றார் மூச்சிரைக்க.

ரோண்டா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். ஸ்டக்கி நடுவிலும், டார்பி ஒரு பக்கமும் ரோண்டா மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி. அவர் தடித்த ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மனைவி இறந்த வருடத்தைத் தட்டும்போது மட்டும் டார்பி அவர் தோளில் சாய்ந்தாள். அவர் படிப்பைக் கேட்ட கட்டத்தில் 'பள்ளிப் படிப்பு முடித்தவர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். ரோண்டா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் காத்திருந்தது வருமானப் பக்கத்துக்காக.

அந்தப் பக்கம் வந்தது. ரோண்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வரி ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. ஒரு வருடம்கூடப் பாக்கி இல்லை. வீட்டில் இரண்டே பேர். வேறு மனைவி இல்லை, வேறு பிள்ளை இல்லை, வழக்கு இல்லை, கடன் இல்லை. டோல்சனிலேயே இத்தனை சுத்தமான ஃபாரத்தை அவள் பார்த்ததில்லை.

'அனுப்பப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தொன்று.

டார்பி தன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஸ்டக்கி இரண்டு கையையும் அகல விரித்தபடி, அழுக்குப் படாமல் எப்படி அணைப்பது என்று பழக்க தோஷத்தில் ஒரு கணம் தயங்கி, பிறகு சேர்த்துப் பிடித்தார். கோச் பெவில் பேனரின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்.

"மிஸ்டர் ஸ்டக்கி" என்றாள் ரோண்டா. கேட்கக் கூடாது என்று ஒரு வாரமாகக் காத்தது அவளையும் மீறி வெளியே வந்தது. "இதுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே. ரெண்டு வாரமா ஏன் இப்படி என்னைச் சுத்த விட்டீங்க?"

ஸ்டக்கி மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "நேரம் சரியில்லை மேடம்" என்றார். "இப்பச் சரியாயிடுச்சு." மகளின் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனார். டிரக் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

ரோண்டா ஜன்னலருகே நின்று அது திருப்பத்தில் மறைகிற வரை பார்த்தாள்.

"என்னமோ இருக்கு அர்லீன்."

"இல்லாம இருக்குமா? வருமானத்துல இல்லைன்னா அதைவிடப் பெருசு."

"அந்தப் பின்கதவுக்குள்ள என்ன பண்ணினாரு? ஏன் இந்த வெள்ளிக்கிழமை? கோட்டு வேற. எனக்கு இன்னும் சந்தேகம் போகலை."

"போகவே போகாது. நாம வேணும்னா அடுத்த செவ்வாய்க்கிழமை என் கார்ல..."

கதவு தட்டப்பட்டது. கையில் பழுப்பு நிற உறையோடு, வேகமாக ஓட்டிவந்த களைப்பில், நரைத்த குட்டை முடிக்காரப் பெண்மணி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். ஹார்வில் முதியோர் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்று சொல்லிக்கொண்டாள்.

"கார்லண்ட் ஸ்டக்கி கிளம்பிட்டாரா? கணக்குல மூணு தடவை கோட்டை விட்டு, இன்னிக்கு மதியந்தான் மனுஷன் பள்ளிக்கூடப் பரீட்சை பாஸ் பண்ணினாரு. 'பள்ளிக்கூடம் முடிச்சவன்னு பொண்ணுகிட்டச் சொன்ன பொய்யைக் கவர்மென்ட் ஃபாரத்துலயும் எழுத மாட்டேன்'னு சொல்லிக்கிட்டிருந்தவரு, பாஸுன்னதும் ஓடுன ஓட்டத்துல சர்டிஃபிகேட்டை என் மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு."